காத்திருக்கும் சுரங்கள்

நார்வே நாட்டு இசையமைப்பாளர் க்னூட் நீஸ்டெட் 1980களின் பிற்பகுதியில் ஒரு சிறிய சேர்ந்திசையை உருவாக்கினார். 'இம்மார்ட்டல் பாக்' என்பது அதன் பெயர். வாத்தியம் எதுவும் கிடையாது, மனிதக் குரல்கள் மட்டும்தான். பாடி முடிக்க ஐந்து நிமிடம் போல ஆகும். அவருடைய சொந்த மெட்டு என்று அதில் ஒன்றும் இல்லை. ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் யொஹான் செபாஸ்டியன் பாக் வைத்துவிட்டுப் போன ஒரு பக்திப் பாடலின் முதல் மூன்று அடிகளை அவர் எடுத்துக்கொண்டார். சுரங்களைத் தொடவில்லை. அந்தச் சுரங்களுக்குரிய காலத்தை மட்டும் மாற்றினார்.

இவ்வளவு சிறிய காரியத்திலிருந்து இவ்வளவு பெரிய அமைதி எப்படி வருகிறது என்று நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூலப் பாடல் 1736இல் லைப்சிக் நகரில் அச்சான ஒரு பக்திப் பாடல் தொகுப்பில் இருக்கிறது. ட்ஸைட்ஸ் ஊர்த் தேவாலயத்தின் இசை ஆசிரியர் ஷெமெல்லி தொகுத்தது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் 69க்கு மட்டும் மெட்டு அச்சிடப்பட்டது. அந்த இசைப் பகுதியைப் பார்த்துக் கொடுத்தவர் பாக். மெட்டும் அவருடையதே என்று பொதுவாக ஏற்கப்படும் மிகச் சில பாடல்களில் இதுவும் ஒன்று. மெட்டும் அடிக்குரலும் மட்டுமே அச்சில் உண்டு. இடையில் வரவேண்டிய குரல்களை அடிக்குரலோடு சேர்ந்த எண்களைப் பார்த்துப் பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் நிரப்பிக்கொள்ள வேண்டும். வீட்டில் நாலு பேர் சேர்ந்து பிரார்த்தனை செய்யும்போது பாடுவதற்கான பாட்டு அது. அரங்கத்துக்கென்று எழுதியதில்லை.

பாட்டின் பொருள் இதுதான்: மரணத்தை இனியதே என்று விளித்து, வா என்று அழைக்கிறது. பாக்கியமான ஓய்வே வா என்கிறது. என்னை அமைதிக்குள் கூட்டிப் போ என்கிறது. உலகம் அலுத்துப்போய்விட்டது, உன்னோடு இருக்க வருகிறேன் என்று கடவுளிடம் சொல்லும் குரல். இன்றைய காதுக்கு இது கொஞ்சம் கலவரமாகக் கேட்கலாம். அந்த நாள் லூத்தரன் குடும்பங்களில் அப்படி இல்லை. நல்ல மரணம் வேண்டும் என்பது அன்றாட ஜெபத்தின் ஒரு பகுதி. பாக்குக்கு மரணம் புத்தகத்தில் படித்த செய்தி அல்ல. பத்து வயதுக்குள் தாயும் தந்தையும் போய்விட்டார்கள். 1720இல் இளவரசரோடு கார்ல்ஸ்பாடுக்குப் போயிருந்தவர் வீடு திரும்பியபோது, மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் ஆகியிருந்தார். பிறந்த இருபது குழந்தைகளில் வளர்ந்து ஆளானவர்கள் பத்துப் பேர்தான். அப்படிப்பட்ட மனிதர் மரணத்தை இனியது என்று அழைக்கும் பாட்டுக்கு மெட்டுப் போட்டால், அதில் பாசாங்கு இருக்க வழியில்லை. ஆனால் ஓலமும் அதில் இல்லை. ஒவ்வோர் அடியும் நிதானமாக எழுந்து, நிதானமாக அமர்கிறது.

நீஸ்டெட்டின் ஆக்கத்தில் பாடகர்கள் முதலில் அந்த மூன்று அடிகளையும் உள்ளபடியே, எல்லோருமாகச் சேர்ந்து பாடிவிடுகிறார்கள். அதற்கு அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடக்குறைய ஆகும். கேட்கிறவர் மனத்தில் பாட்டு பதிந்துவிடுகிறது. பிறகு மறுபடி முதல் அடி. இம்முறை பாடகர்கள் பிரிந்துகொள்கிறார்கள். அதே சுரங்கள்தான், ஆனால் ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு சுரத்தையும் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதற்குத் தனித்தனி அளவு உண்டு. அளவு அட்சரத்தில் இல்லை, வினாடியில். ஒரு பிரிவு சுரத்தைச் சற்று நேரம் பிடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறது. இன்னொன்று அங்கேயே நிற்கிறது. மற்றொன்று அதைவிடவும் மெதுவாக நகர்கிறது. இயக்குநர் கையால் தாளம் காட்டுவதை விட்டுவிடுகிறார். ஒவ்வொருவரும் தனக்குள் எண்ணிக்கொண்டு பாடுகிறார்கள்.

நம் சங்கீதத்தில் இதற்குக் கார்வை என்று சொல்வோம். ஒரு சுரத்தில் வந்து நின்று, நகராமல் அதை நீட்டிப் பிடிப்பது. நல்ல பாடகர் ஆலாபனையில் பஞ்சமத்தில் கார்வை கொடுத்து நிற்கும்போது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நீஸ்டெட்டின் ஆக்கம் முழுவதும் கார்வைதான். ஒரே வேறுபாடு, ஒருவர் நிற்கும் இடத்தில் மற்றவர் நிற்பதில்லை.

அடுத்து நடப்பதைத்தான் கவனித்துக் கேட்க வேண்டும். முதலில் நகர்ந்தவர் இரண்டாம் சுரத்துக்குப் போய்விட்டார், மற்றவர்கள் இன்னும் முதலாவதிலேயே இருக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. ஒருவர் மூன்றாவதை எட்டும்போது காற்றில் மூன்று விதமான ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதக்கின்றன. பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் உரசிக்கொள்கின்றன. காதுக்கு ஒரு கூச்சம் உண்டாகிறது. எந்தச் சுரத்தையும் யாரும் தப்பாகப் பாடவில்லை. பாக் தந்த வரிசையிலிருந்து ஒருவரும் விலகவில்லை. அப்படியிருந்தும் இசைவு கலைந்துபோகிறது. உரசல் முழுவதும் காலத்தால் வந்தது. ஒவ்வொருவரும் சரியான இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள், ஆனால் வேறு வேறு வேகத்தில் போகிறார்கள்.

இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு நினைவுக்கு வந்தவை இசை மண்டபங்கள் அல்ல, துக்க வீடுகள்.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் போய்விடுகிறார். மூத்த மகன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறான். மனைவிக்கு வருஷம் திரும்பியும் அவருடைய செருப்பை வாசலிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. பேத்தி ஒருத்தி முதல் வாரம் சிரித்து விளையாடிவிட்டு, ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்து அழுகிறாள். வீட்டுக்குள் உரசல் தொடங்குகிறது. 'அவனுக்கு அப்பா மேல் பாசமே இல்லை' என்று ஒரு குரல். 'இன்னும் எத்தனை நாள்தான் அழுதுகொண்டிருப்பாய்' என்று இன்னொரு குரல். யாரும் தவறு செய்யவில்லை. எல்லோருக்கும் ஒரே துக்கம், வரிசையும் அதே வரிசை. ஒருவர் அடுத்த சுரத்துக்குப் போய்விட்டார், ஒருவர் முதல் சுரத்திலேயே நிற்கிறார், அவ்வளவுதான். பிறரைப் பார்த்து நாம் முகம் சுளிக்கும் பல சந்தர்ப்பங்களில் காரணம் இப்படிப்பட்டதாகவே இருக்கிறது. அவர் மனத்தில் இருப்பது நம் மனத்தில் இருப்பதுதான். கால அளவு வேறு.

பாக் இந்த உரசலை அறியாதவர் அல்ல. முந்தைய ஒலிக்குரிய சுரம் ஒன்றை அடுத்த ஒலி வந்த பிறகும் விடாமல் பிடித்திருந்து, ஒரு கணம் உரச வைத்து, பிறகு இறக்கிவிடுவது மேற்கத்திய இசையில் பழைய உத்தி. பாக்கின் தேவாலய இசையில் மனம் கலங்கும் இடங்களில் பெரும்பாலும் இது இருக்கும். அவர் ஒரு கணம் செய்ததை நீஸ்டெட் ஒரு நிமிடமாக விரித்தார் என்று சொல்லலாம். பழைய மாளிகைக்குள் ஏற்கெனவே இருந்த கதவைத்தான் அவர் திறந்தார். அதனால்தான் இந்த ஆக்கம் எவ்வளவு விசித்திரமாக ஒலித்தாலும் பாக்குக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை.

சுருதியைப் பற்றி. மூலப் பாடல் சி மைனரில் உள்ளது. நம் கணக்கில் ஒரு கட்டை ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த தைவதம். நிஷாதம் சில இடங்களில் கைசிகியாகவும் சில இடங்களில் காகலியாகவும் வரும். அதாவது நடபைரவியும் கீரவாணியும் அடுத்தடுத்து முகம் காட்டுவதுபோல. ஒப்பீடு அதற்குமேல் போகாது. ராகம் ஒற்றைக் குரலின் பாதை, இங்கே நான்கு குரல்கள் ஒரே சமயத்தில் நான்கு இடங்களில் இருக்கின்றன.

சி மைனர் என்றதும் மேற்கத்திய இசை கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி நினைவுக்கு வரும், கதவைத் தட்டும் அந்தச் சீற்றம். பாக்கின் கையில் அதே சுருதி வேறு வேலையும் செய்திருக்கிறது. அவருடைய 'மத்தேயு பாடுகள்' கடைசியில் முடியும் பெரிய சேர்ந்திசையும் சி மைனர்தான். கல்லறையருகே கண்ணீரோடு அமர்ந்து, உள்ளே கிடத்தப்பட்டவரிடம் மெல்ல உறங்கு என்று சொல்லும் பாட்டு அது. துக்கமும் தாலாட்டும் ஒரே மடியில் இருக்கும் சுருதி. 'இம்மார்ட்டல் பாக்' அந்த மடியிலிருந்துதான் எழுகிறது. இதைச் சோக இசை என்று குறுந்தகட்டு அட்டைகளில் போடுவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. சோகம் என்றால் ஏதோ ஒன்றை நோக்கி மனம் இழுபட வேண்டும். இங்கே இழுப்பு இல்லை. மூன்றாம் அடி நீளும்போது, அடுத்து என்ன என்று எதிர்பார்க்கும் பழக்கமே மனத்தைவிட்டு நழுவிப்போகிறது.

ஸ்காண்டிநேவிய சேர்ந்திசை மெதுவாகவும் மௌனத்தோடு ஒட்டியும் இருப்பதற்குப் பனியும் இருட்டும் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். டிசம்பரில் ஓஸ்லோவில் பகல் ஆறு மணி நேரம்தான் என்பது உண்மை. ஆனால் அதே இருட்டில்தான் ஹாலிங் போன்ற துள்ளல் நடனங்களும் பிறந்தன. வானிலையைவிடப் பாடும் முறை முக்கியம் என்று நினைக்கிறேன். அந்த நாடுகளின் நல்ல பாடகர் குழுக்கள் குரலை அசைக்காமல் நேராக நிறுத்திப் பாடப் பழகியவை. ஸ்வீடனின் எரிக் எரிக்சன் போன்ற இயக்குநர்கள் ஒரு தலைமுறையையே அந்தத் தெளிவுக்குப் பழக்கினார்கள். கமகத்தில் ஊறிய நம் காதுக்கு முதலில் அது வெறுமையாகத் தோன்றும். நமக்கு அசைவில்தான் உயிர். ஆனால் பக்கத்துச் சுரங்கள் உரசும் இடத்தில் ஒவ்வொரு குரலும் அசைந்தால் குழப்பமே மிஞ்சும். குரல்கள் அசையாமல் நிற்கும்போதுதான் அந்த உரசலுக்குள் வெளிச்சம் தெரிகிறது.

மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வளவு நீண்ட கார்வையை ஒரே மூச்சில் யாராலும் பிடிக்க முடியாது. அதனால் பாடகர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நீ வாங்காதே. அவர் முடித்துச் சேர்ந்துகொண்ட பிறகு நீ மெல்ல விலகு. சுரத்தின் நடுவில் விட்டுவிட்டு, மூச்சு வாங்கி, யாருக்கும் தெரியாமல் மறுபடி உள்ளே வா. நுழையும்போது சத்தம் எழுப்பாதே. இப்படி மாறி மாறி மூச்சு வாங்குவதால் தனித்தனியே ஒவ்வொருவர் குரலும் அறுபடுகிறது, சேர்ந்து பாடும் ஒலி அறுபடுவதில்லை. கேட்பவர் அதை முடிவில்லாத ஒற்றைக் குரலாகவே உணர்கிறார். நானும் களைத்துப்போவேன், நான் விட்ட இடத்தைப் பிறர் தாங்குவார்கள் என்கிற நம்பிக்கையில்லாமல் இதைப் பாடவே முடியாது. கூட்டு ஜெபம் என்பதற்கு இதைவிட நேரான விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

நீஸ்டெட் இந்த ஒழுக்கத்துக்குள்ளேயே வாழ்ந்தவர். 1915 செப்டம்பர் 3இல் பிறந்தார். ஊருக்கு அப்போது கிறிஸ்தியானியா என்று பெயர், ஓஸ்லோ என்ற பெயர் பின்னால் வந்தது. ஞானப்பாட்டுகள் ஒலித்துக்கொண்டே இருந்த பக்தியுள்ள வீடு. 1946 முதல் 1982 வரை ஓஸ்லோவின் டோர்ஷோவ் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். வாராவாரம் ஞாயிறு ஆராதனை, இடையிடையே திருமணங்களும் அடக்க ஆராதனைகளும். 1950இல் நார்வே சோலிஸ்ட் பாடகர் குழுவைத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் நடத்தி, 1990இல் க்ரேட்டே பேடர்சனிடம் ஒப்படைத்தார். 1964இல் ஓஸ்லோ பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஸ்கோலா காந்தோரும் குழுவையும் தொடங்கினார். 130ஆம் சங்கீதத்தை வைத்து எழுதிய 'தே ப்ரொஃபுந்திஸ்' அதே ஆண்டில் வந்தது. அதில் சுரங்களை நெருக்கி அடுக்கி ஆழத்திலிருந்து எழும் கூக்குரலை உண்டாக்கியிருந்தார். அந்தக் கூக்குரலை எழுதியவர் எழுபது வயதைத் தாண்டியபின் எழுதியது 'இம்மார்ட்டல் பாக்'. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் சுரங்களின் நெருக்கம் ஒன்றாகவே இருக்கும், மனநிலை வேறு. முன்னதில் நெருக்கம் வலியாக இருந்தது. பின்னதில் அது வெறும் தாமதம். 2014 டிசம்பர் 8இல், தொண்ணூற்றொன்பது வயதில் அவர் காலமானார்.

அவரைப் போலவே ஸ்வீடனின் யான் சான்ட்ஸ்ட்ரோமும் 1990இல் ஒரு பழைய ஜெர்மன் பாட்டின் காலத்தை விரித்தார். ப்ரெட்டோரியஸ் 1609இல் அமைத்த கிறிஸ்துமஸ் பாட்டு அது. ஒரு சிறு குழு அதை மிக மெதுவாகப் பாட, எட்டுக் குரல்களாகப் பிரிந்த இன்னொரு குழு வாய் திறக்காமல் முனகிச் சூழ்ந்துகொள்கிறது. மோட்டார் சைக்கிளை வைத்து ட்ரோம்போன் கச்சேரி எழுதிய அதே சான்ட்ஸ்ட்ரோம்தான். வேகம் தெரிந்தவர்தான் நிதானத்தின் அருமையையும் அறிவார் போலிருக்கிறது.

இந்த இசை தமிழருக்குத் தூரத்து உறவுதான், ஆனால் உறவு இல்லாமலில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய சீகன்பால்குவை அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் ஃப்ரெடரிக். நார்வேயும் அப்போது அவர் ஆட்சியில்தான் இருந்தது. வந்தவர் ஜெர்மனியின் ஹாலே பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர். ஷெமெல்லியின் தொகுப்பில் வீசுவதும் பெரிதும் அந்த இயக்கத்தின் காற்றே. 1740இல் வந்த ஃபப்ரீஷியஸ் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் ஆக்கினார். தமிழ் லூத்தரன் சபைகளில் அடக்க ஆராதனையின்போது அந்தப் பழைய மெட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'இம்மார்ட்டல் பாக்' தொடக்கத்திலேயே வீட்டுக் குரலாகக் கேட்கும். ஊர்த் தேவாலயத்தில் முதியவர்கள் ஒரு பக்கம் இழுத்துப் பாட, இளையவர்கள் முந்திக்கொண்டு ஓட, அடியின் முடிவில் எல்லோரும் ஒருவழியாக வந்து சேரும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை அவர்கள் அறிவார்கள். அதை அபஸ்வரம் என்று நினைத்து ஆர்கன்காரர் முறைத்துப் பார்ப்பதையும் அறிவார்கள்.

நீஸ்டெட்டின் ஆக்கத்தில் மூன்று அடிகளின் முடிவும் அப்படித்தான் நடக்கிறது. முதலில் வந்து சேர்ந்தவர்கள் கடைசிச் சுரத்தில் நின்றுகொள்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதில்லை, பாடிக்கொண்டே காத்திருக்கிறார்கள். பின்னால் வருகிறவர்களை விரைந்து வரச்சொல்லும் சைகை எதுவும் இல்லை. வருகிறவர்களும் பதற்றப்பட்டுச் சுரங்களைத் தாண்டிக் குதிப்பதில்லை. தங்களுக்குரிய வினாடிகளை முழுமையாக எண்ணி முடித்துத்தான் வருகிறார்கள். ஒவ்வொருவராகச் சேரச் சேர உரசல் ஒவ்வொன்றாகக் கரைகிறது. கடைசிக் குரலும் வந்து அமரும்போது, தொடக்கத்தில் அரை நிமிடத்தில் கேட்ட அதே ஒலி மறுபடி நிற்கிறது. அன்று அது வெறும் ஓர் அடியின் முடிவாக இருந்தது. இப்போது அதற்குள் இவ்வளவு பேரின் பயணம் இருக்கிறது. பிறகு எல்லோரும் சேர்ந்தே அடுத்த அடியைத் தொடங்குகிறார்கள். கடைசி ஆள் வராமல் அடுத்த அடி இல்லை.

அமைதிக்குள் கூட்டிப் போ என்ற வேண்டுதலுக்கு இந்த இசை சொற்களால் பதில் தரவில்லை. மூன்றாம் அடி முடியும் விதமே பதில். ஒருவர் முன்னால் போய்ச் சேர்ந்தார், ஒருவர் பின்னால் வந்தார், சேர்ந்த இடம் ஒன்றே. மரணத்தைப் பற்றி மதங்கள் சொல்வதை நம்பாதவர்கள்கூட இதைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாக்கின் மூலப் பாடலை முதலில் ஒருமுறை கேளுங்கள். ஒற்றைக் குரலும் ஆர்கனுமாகப் பாடிய பதிவுகள் எளிதில் கிடைக்கும். மெட்டு காதில் தங்கிய பிறகு நீஸ்டெட்டுக்கு வாருங்கள். அவர் தொடங்கிய சோலிஸ்ட் குழுவின் பதிவு கிடைத்தால் நல்லது. வேறு வேலை செய்துகொண்டே கேட்க வேண்டாம். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியிலும் வேண்டாம். அடிக்குரல்கள் அதில் சரியாகக் கேட்காது. இந்த இசையைத் தாங்கி நிற்பவை அவைதான்.